தடைக்காலத்தில் சென்னையைப் பார்த்தோம்

காசிமேட்டில் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. கோடையில் மீன்கள் முட்டையிடும் இரண்டு மாதமும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகு போகாவிட்டால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு வேலை இல்லை. மற்ற நாட்களில் விடிவதற்குள் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையோடு ஆட்டோ ஏறி, எம்.கே.பி. நகரில் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். அந்தச் சனிக்கிழமை மத்தியானமோ ராயபுரத்தில் எங்கள் தெருமுனைக் கடை வாசலில் என்னோடு நின்று ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலைதான். பாரிமுனையில் ஓர் அலுவலகம். துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளுக்கான சுங்கக் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை.

ஒரு கணவனும் மனைவியும் எங்களிடம் வந்து நின்றார்கள். இருவருக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும். வெயிலில் முகம் சிவந்திருந்தது. அந்த அம்மாதான் கேட்டார்.

"ஏனுங்க, ராயபுரம் ஸ்டேஷனுக்கு எப்படிங்க போறது?"

"நேரா போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்பு. எந்த வண்டி புடிக்கணும்?" என்றார் அக்கா.

"வண்டி புடிக்கலீங்க. ஸ்டேஷனப் பார்க்கோணுங்க."

அக்கா உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்தார். "ஸ்டேஷன பாக்கவா? அதுல பாக்கறதுக்கு இன்னா கீது?"

"தென்னிந்தியாவுல மொதல் ரயிலு இங்கிருந்துதானுங்க கெளம்புச்சு. அந்தக் கட்டடம் இன்னும் நிக்குதுன்னு சொன்னாங்க. கோயமுத்தூர்ல இருந்து இந்த மாதிரி எடமெல்லாம் பார்க்கோணும்னே வந்தோம்" என்றார் கணவர்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவருக்கு ஐம்பது வயது. எனக்கு முப்பத்தாறு. இரண்டு பேரும் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அந்த ஸ்டேஷனில் நான் எத்தனை முறை ரயில் ஏறியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு முறைகூட நின்று பார்த்ததில்லை.

"வா பாப்பா, நம்மளும் பாத்துட்டு வர்லாம்" என்று காலி கிளாஸைக் கடைக்காரரிடம் நீட்டினார் அக்கா.

நாலு பேருமாக நடந்தோம். ஸ்டேஷன் முன்னால் போனதும் கோயமுத்தூர் அம்மா சட்டென்று நின்று, "அடேங்கப்பா!" என்றார். அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். உயரமான தூண்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் இலை இலையாகச் செதுக்கிய வேலைப்பாடு. நான் அந்தத் தூணில் சாய்ந்து பஸ்ஸுக்காகக் காத்திருந்திருக்கிறேன். அதற்குத் தலை இருப்பது அன்றுதான் தெரிந்தது. அந்த அம்மா ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அக்காவும் பக்கத்துத் தூணில் கையை வைத்தார்.

"இன்னா மாமு, மொத மொதல்ல இங்கேர்ந்துதான் ட்ரெய்னு போச்சாமே, தெரியுமா?" என்று அங்கே உட்கார்ந்திருந்த பூக்காரரைக் கேட்டார், ஏதோ தனக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம் போல.

திரும்பும்போது கோயமுத்தூர் அம்மா பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ ஒன்றை டிக் அடித்தார். அக்கா எட்டிப் பார்த்தார். சென்னையில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று தலைப்புப் போட்டு, பக்கம் நிறைய கையால் எழுதியிருந்தது. பாதிக்கு மேல் டிக் விழுந்திருந்தது. சென்னைக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது என்றார் அந்த அம்மா.

"நாலு நாள்ல இத்தினி பாத்துட்டீங்களா?"

"ஆமாங்க. நீங்க இங்கயே இருக்கறீங்க, எல்லாம் பார்த்திருப்பீங்க."

அக்கா நோட்டை என் பக்கம் திருப்பினார். "பாப்பா, அத்த போனுல படம் புடி" என்றார் என்னிடம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். அவர்களை அனுப்பிவிட்டுத் தெருவுக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் நின்று அக்கா சொன்னார்.

"காசிமேடு, எம்.கே.பி. நகரு, திருவொத்தியூரு கோயிலு, பாரிஸ் கார்னரு, ஜி.எச்.சு ஆஸ்பத்திரி. அம்பது வருசத்துல நான் பாத்த மெட்ராஸு இதான் பாப்பா. கோயமுத்தூர்லேர்ந்து வந்து நாலு நாள்ல சுத்திட்டு பூட்டாங்கோ. நமக்கு ரெண்டு மாசம் லீவு கீது. நீ ஞாயித்துக்கெயம இன்னா பண்ற?"

"தூங்குவேன்க்கா."

"இனிமே தூங்காத."

*

பட்டியலில் முதலில் இருந்தது எழும்பூர் அருங்காட்சியகம். நான் படித்துக் காட்டியதும் அக்காவுக்குப் புரியவில்லை. இடத்தைச் சொன்னதும், "அட, செத்த காலேஜா! அப்பிடி சொல்லு" என்றார். வடசென்னையில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் அது செத்த காலேஜ்தான். உயிரோடு மிருகங்கள் இருந்த காட்சிசாலை உயிர் காலேஜ். பதம் செய்த உடல்களும் எலும்புகளும் இருப்பதால் இது செத்த காலேஜ்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நான் வந்தபோது, பாய் ஆட்டோவைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பாய் வண்ணாரப்பேட்டைக்காரர். தினமும் அக்காவையும் அன்னக்கூடையையும் எம்.கே.பி. நகருக்கு ஏற்றிப் போகிறவர். வாடகை எவ்வளவு என்று நான் கேட்டதற்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"வாடகையா? இருவது வருசமா அந்த கேட்டாண்ட சவாரிய எறக்கி உட்டுகினு கீறேன். ஒரு தபா உள்ள போனது இல்ல. நான் டிரைவரா வர்ல, பாக்க வரேன்."

உள்ளே போனதும் முதலில் பாயைத்தான் இழந்தோம். தோட்டத்தில் இருந்த பீரங்கிகளைப் பார்த்தவர் நகரவே மாட்டேன் என்றார். ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் தலையைக் குனிந்து பார்த்தார். அப்புறம் வெண்கலச் சிலைகள் இருந்த கட்டடத்துக்குப் போனோம். நடராஜரைச் சுற்றி நெருப்பு வட்டம். தூக்கிய காலில் ஒவ்வொரு விரலும் தெரிந்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குப் பின்புறம் போய், "பாப்பா, முதுக பாரேன். கோயில்ல முன்னால மட்டுந்தான பாக்க உடுவாங்க. இங்க பின்னாலயும் பாக்கலாம்!" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். அந்த முதுகில் சடை பறந்து படிந்திருந்தது. முன்பக்கம் மாதிரியே அவ்வளவு நுணுக்கம். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் இதைச் செய்தவர் எப்படிப்பட்ட ஆள் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே வெளியே வந்தோம்.

அப்புறம் திமிங்கலம்.

கூடத்துக்குள் நுழைந்தவுடன் அக்கா என் கையைப் பிடித்தார். தலைக்கு மேலே முழு எலும்புக்கூடு. தலை ஒரு பக்கம் தொடங்கி, வால் எங்கேயோ போய் முடிந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றும் கவிழ்த்த படகின் சட்டங்கள் போல வளைந்திருந்தன. அக்கா தலைக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு வால்வரை மெல்ல நடந்தார். திரும்பித் தலைவரை நடந்தார்.

"எம்மாம் பெர்சு! எங்க வூட்டுக்காரு போவுற போட்டு இதுக்குள்ள அடங்கிரும் பாப்பா. இதுங்க கடல்ல எதிர்ல வந்துச்சின்னா இன்ஜின ஆஃப் பண்ணிட்டு கையெடுத்து கும்புடுவாங்கன்னு எங்காளு சொல்லும். நான் டூப் உடுதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

அக்கா மெதுவாகப் பேசுகிறவர் இல்லை. மார்க்கெட்டில் இருபது வருஷம் கூவிய குரல். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் யாராவது எங்கே வீடு என்று கேட்டால் நான் ராயபுரம் என்று சொன்னதில்லை. "பீச் ஸ்டேஷன் பக்கம்" என்றுதான் சொல்வேன். வீட்டில் பேசுகிற பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு வேறு தமிழ் பேசக் கற்றுக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை வாய்தவறி "இன்னா சார்" என்று கேட்டுவிட்டேன். சினிமாவில் வருகிற மாதிரியே பேசுகிறேன் என்று ஒரு வாரம் சிரித்தார்கள். அதிலிருந்து வந்த பழக்கம்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றேன்.

"ஏன், அது எயுந்துக்குமா?" என்று மேலே காட்டினார்.

பக்கத்து அறையில் மீன்கள். கண்ணாடிப் பெட்டிகளிலும் ஜாடிகளிலும். அங்கே ஒரு மகளிர் கல்லூரி மாணவிகள் பதினைந்து இருபது பேர் நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தார்கள். விலங்கியல் படிக்கிறவர்கள். அவர்களை அழைத்து வந்த பேராசிரியை ஒரு ஜாடியைக் காட்டி அதன் லத்தீன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அவர்களுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "பேத்த" என்றார்.

ஒரு மாணவி திரும்பினாள். "என்ன சொன்னீங்க?"

"பேத்த மீனும்மா அது. வலையில வந்துச்சின்னா காத்த புட்ச்சினு பலூன் மாதிரி ஊதிக்கும். தின்னக் கூடாது, விஷம். போட்டுல இருந்தே தூக்கி கடல்ல போட்டுருவாங்க. அங்காண்ட றெக்கையோட கீதே, அது கோலா. தண்ணிக்கு மேல பறக்கும். ஒரு தபா எங்க வூட்டுக்காரு போட்டுல தானா வந்து வியுந்துச்சாம், வலையே போடாம."

மாணவிகள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். சிரிப்பு எந்த வகை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஆனால் அதே பெண் நோட்டைத் திறந்து, "கோலா... அது என்ன சீசன்ல வரும் ஆன்ட்டி?" என்று கேட்டாள். அக்கா சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். இன்னொருத்தி சுறாவைக் காட்டிக் கேட்டாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்காகப் பால்சுறாவில் புட்டு செய்து கொடுப்பதை அக்கா கையால் பிசைந்தே காட்டினார். எப்படி வேகவைப்பது, எந்தத் தோலை உரிப்பது, பூண்டு எவ்வளவு என்று எல்லாம் வந்தது. பேராசிரியை நிறுத்துவார் என்று பார்த்தேன். அவர் தன் நோட்டையே மூடிவிட்டு அக்காவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

கடைசியாக ஒரு நீளமான கொம்பு. தட்டையாக, இரு பக்கமும் ரம்பம் மாதிரி பல் வைத்தது. அதைப் பார்த்ததும் அக்காவின் குரல் தானாகவே தணிந்தது.

"வேளா" என்றார். "வேளா சுறாவோட மூக்கு இது. எங்க மாமனாரு காலத்துல வலையில வரும். வந்துச்சின்னா பேஜாருதான், வலைய கியிச்சி போட்ரும். தப்பிச்சி கரைக்கு வந்தா அந்த கொம்ப வேளாங்கண்ணிக்கு நேந்துகினு கொண்டும்போயி வச்சிருவாங்க. எங்க மாமனாரும் ஒண்ணு வச்சிருக்காரு. எம்புள்ளைங்க இத்த பாத்ததே இல்ல. நானே இவ்ளோ கிட்ட இப்பதான் பாக்கறேன். இப்பெல்லாம் வர்றதே இல்லம்மா. வந்தாலும் புடிக்கக் கூடாதுன்னு சட்டம் கீது."

மாணவிகள் கொம்பைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். பேராசிரியை அக்காவிடம் சொன்னார்.

"நான் பதினெட்டு வருஷமா இதை நடத்தறேன். இந்தக் கொம்பை இப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லைம்மா. நீங்க எந்தப் பக்கம்?"

"ராயபுரம். காசிமேட்டு மீன் யாவாரம்" என்றார் அக்கா. சொல்லும்போது கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"உங்களோட வந்திருக்கறது?"

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "நானும் ராயபுரம்தான் மேடம். எதிர் வீடு" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. அவர் தலையசைத்து என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். தடைக்காலம் முடிந்ததும் மாணவிகளைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு அழைத்து வரலாமா, அக்கா சுற்றிக் காட்டுவாரா என்று கேட்டார்.

"தாராளமா இட்டுகினு வா. ஆனா காலைல நாலு மணிக்கு வரணும். எட்டு மணிக்கு வந்து மீனு எங்கன்னு கேக்கக் கூடாது" என்றார் அக்கா.

வெளியே பாய் இன்னும் பீரங்கிப் பக்கத்தில்தான் இருந்தார். இரண்டு குடும்பங்களுக்கு அதை எப்படிச் சுட்டிருப்பார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது.

*

அதற்கப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. ஞாயிறு போதாமல் சனிக்கிழமை மத்தியானமும் கிளம்பினோம். கோட்டை அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துச் சிப்பாய்களின் சீருடைகளைப் பார்த்த பாய், அவற்றின் தையலைப் பற்றியே வீடு வரும்வரை பேசினார். பெரம்பூர்ப் பக்கம் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்தில் அக்கா நீராவி இன்ஜின் மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தார். திருவொற்றியூர்க் கோயிலுக்கு அவர் நூறு முறை போயிருப்பார். ஆனால் சுவரில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தது இதுவே முதல் முறை. பாதி எழுத்து புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்த பாதிக்கே எனக்குப் புல்லரித்தது. ஒரு தடவை லீவு நாள் எது என்று பார்க்காமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தோம். தப்பு என்னுடையது. அக்கா இரண்டு நாள் அதைச் சொல்லிக் காட்டினார்.

அக்காவின் வீட்டுக்காரர்தான் இதில் எதிலும் சேரவில்லை. நான் அவரை மாமா என்பேன். விசைப்படகை ஓட்டுகிறவர். தடைக்காலத்தில் காசிமேட்டில் மற்றவர்களோடு உட்கார்ந்து வலை பின்னுவதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதுமாக இருந்தார். திமிங்கலத்தைப் பற்றி அக்கா மூச்சுவிடாமல் சொன்னபோது, "எலும்ப பாக்கறதுக்கு ஆட்டோ வச்சினு போனீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்தார். ஆனால் மறுநாள் நான் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "மெய்யாலுமே வேளா கொம்பு கீதா?" என்றார்.

"இருக்கு மாமா. இவ்ளோ நீளம்."

"எங்க நைனா ஒண்ண தூக்கினு வந்தாரு. சின்ன வயசுல நான் தொட்டு கீறேன்." அவ்வளவுதான். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை, பட்டியலில் அடுத்து என்ன என்று அக்கா கேட்டார். நான் போனைப் பார்த்து, "மெரினா கலங்கரை விளக்கம். மேலே ஏறிப் பார்க்கலாம்" என்றேன். சுவரில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த மாமா அதைக் கீழே போட்டார்.

"லைட் ஹவுஸா? மேல உடறாங்களா?"

"டிக்கெட் வாங்கினா விடறாங்க."

"நானும் வரேன்" என்றார்.

அக்கா உள்ளே போய் அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார்.

*

அன்று ஆட்டோவில் பாய்க்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். பாரிமுனை தாண்டும்போது உயர்நீதிமன்றத்தைக் காட்டினார். சிவப்புக் கோபுரங்களில் எல்லாவற்றிலும் உயரமானதை.

"எங்க நைனா கட்டுமரத்துல போனப்போ அதுலதான் லைட்டு எரிஞ்சிது. கோர்ட்டு மேல. அத்த பாத்துதான் வந்தாரு. அப்பால அத்த நிறுத்திட்டு மெரினாவுல புச்சா கட்னாங்க. நான் இத்த பாத்து வந்தவன்."

தினமும் அந்தக் கட்டடத்தைக் கடந்து அலுவலகம் போகிறேன். நீதிமன்றத்தின் தலையில் கலங்கரை விளக்கம் எரிந்தது என்பது என் பட்டியலிலேயே இல்லை. ஆட்டோவில் இருந்தபடியே எழுதிக்கொண்டேன்.

கலங்கரை விளக்கத்தின் அடியில் போய் நின்றதும் மாமா ஒரு சுற்று சுற்றி வந்தார். சிவப்பு வெள்ளைப் பட்டைகள். மூன்று பக்கமும் தட்டையாக உயர்ந்து நின்றது. கையால் ஒரு பக்கத்தைத் தட்டிப் பார்த்தார்.

"கடல்லேர்ந்து பாக்க சொல்லோ இது இத்தினிகூண்டு" என்று சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். "முப்பது வருசம் பாத்துகினு கீறேன். இதுக்கு இவ்ளோ அகலம் இருக்கும்னு நெனைக்கல."

லிஃப்டில் ஏறினோம். மாமா மேலே காட்டும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. எங்களுக்குக் கீழே மணலும் சாலையும், பொம்மை மாதிரி பஸ்களும், நகரம் முழுக்க மொட்டைமாடிகளும். "யம்மாடி!" என்று அக்கா நகரத்தைப் பார்த்தார். பாய் தன் ஆட்டோ எங்கே நிற்கிறது என்று தேடினார். மாமா மட்டும் நேராகக் கடல் பக்கம் போய்விட்டார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அவர் பக்கத்தில் போனேன். எனக்கு அது வெறும் நீலத் தண்ணீர். அவர் அதைப் படிக்க ஆரம்பித்தார். நிறம் மாறுகிற இடத்தைக் காட்டி, அங்கே ஆழம் தொடங்குகிறது என்றார். கூவம் ஆறு கலக்கும் கலங்கலைக் காட்டி, நீரோட்டம் இப்போது வடக்கே போகிறது என்றார். தூரத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம் ஒரே பக்கம் மூக்கை வைத்திருப்பதைக் காட்டினார். அதற்குக் காரணமும் அதேதான். நான் அந்தக் கப்பல்களின் சரக்குப் பட்டியல்களைத் தினமும் தட்டுகிறேன். கப்பல்களின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

"ஒரு தபா" என்றார், கடலைப் பார்த்தபடியே. "சாயங்காலம். மழ கட்டிகிச்சி. கரை எந்த பக்கம்னே தெர்ல. ஜி.பி.எஸ். எல்லாம் அப்போ கெடையாது. இன்ஜினும் நின்னு போச்சி. நானும் நாலு பேரும். ஒருத்தன் அயறான், சின்ன பையன். நான் அவன திட்டிகினே இருந்தேன். உள்ளுக்குள்ள எனக்கும் அதான். அப்போ தூரத்துல ரெண்டு வாட்டி மினுக்குச்சி. அப்பால இருட்டு. மறுபடியும் ரெண்டு. வேற எதுவும் அப்பிடி ரெண்டு ரெண்டா மினுக்காது. மெட்ராஸுதான்னு தெரிஞ்சிபோச்சி. அப்பறம் இன்ஜின கயட்டி மாட்ட தைரியம் வந்துச்சி."

அக்கா எப்போது எங்கள் பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. "இத்த ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொன்னா நீ அடுத்த தபா அனுப்புவியா?"

அக்கா அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்புறம் அந்தக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டார்.

எங்களுக்குப் பக்கத்தில் திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றிருந்தது. அப்பா, அம்மா, கல்யாண வயதில் ஒரு பெண். மாமா கடலைப் படிப்பதை அவர்கள் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தப் பெண் வடக்கே கைகாட்டி, "அங்க கிரேன் கிரேனா தெரியுதே, அது என்ன இடம்?" என்று கேட்டாள்.

மாமா என்னைப் பார்த்தார், நீ சொல் என்பது போல.

"அது துறைமுகம். அதுக்கு அப்பால ராயபுரம். எங்க ஏரியா" என்றேன். "அதுக்கும் அந்தாண்ட காசிமேடு. இவங்க போட்டு அங்கதான் நிக்குது. கோடு மாதிரி நீண்டு போவுதுல்ல, அது திருவொத்தியூரு. கண்ண சுருக்கி பாருங்க, புகைபோக்கி தெரியுதா? அது எண்ணூரு."

சொல்லி முடித்த பிறகுதான், அலுவலகத் தமிழை எங்கேயோ தவறவிட்டிருந்தேன் என்று உணர்ந்தேன். அந்தப் பெண் கம்பியில் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "தெரியுது, தெரியுது!" என்று குதித்தாள். அவளுடைய அப்பா, அங்கேயும் பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அக்காவும் பாயும் நானும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். காவலர் வந்து நேரம் ஆகிவிட்டது என்று சொல்லும்வரை நிறுத்தவில்லை.

இறங்கியதும் மாமா கடற்கரையில் எல்லாருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் முறையாகக் கரையில் உட்கார்ந்து லைட் ஹவுஸைப் பார்க்கிறேன் என்றார். சுண்டலை விட்டுவிட்டுக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

ஜூன் பாதியில் தடை முடிந்தது. படகுகள் வரிசையாகக் கிளம்பின. சில நாள் கழித்து மாமாவின் படகு நல்ல மீன்பாட்டோடு திரும்பியது. அதற்கு அடுத்த வாரம் பேராசிரியை போன் செய்தார். சொன்னபடியே அதிகாலை நாலு மணிக்கு ஒரு வேன் நிறைய மாணவிகள் காசிமேட்டு வாசலில் இறங்கினார்கள். தூக்கக் கண்ணோடு, மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு. நான் அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லியிருந்தேன். எதற்கு என்று மேலாளர் கேட்டார். "எங்க ராயபுரத்துல ஒரு காலேஜ் விசிட் சார், நாங்கதான் சுத்திக் காட்டறோம்" என்றேன். அவர் அடுத்த முறை தன்னையும் கூப்பிடச் சொன்னார்.

வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். ஆனாலும் ஏலம் நடக்கும் நேரத்தில் நான் உள்ளே போனது அன்றுதான். விளக்கொளியில் படகுகள் ஒன்றோடொன்று உரசி நின்றன. வஞ்சிரமும் சங்கராவும் குவியல் குவியலாகப் பளபளத்தன. ஐஸ் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். ஏலக்காரர்களின் குரல் நாலு பக்கமும். மாணவிகள் நடுவில் திகைத்து நின்றார்கள். துப்பட்டா ஒவ்வொன்றாக மூக்கிலிருந்து இறங்கியது.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். கையில் ஒரு மீனை வாலோடு தூக்கிப் பிடித்திருந்தார். செவுளை விரித்து உள்ளே சிவப்பைக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா, எல்லாரும் இங்க பாருங்க. செவுளு இப்டி ரத்தமா இருந்தா புச்சு. கண்ணாடி பொட்டியில இது தெரியாது. தொட்டு பாரு, கடிக்காது. இன்னாம்மே பயந்துகினு? தொடு!"

முதல் பெண் விரலை நீட்டித் தொட்டாள். இரண்டாவது பெண் மீனையே கையில் வாங்கிக்கொண்டாள். மூன்றாவது பெண் தனக்கும் வேண்டும் என்றாள். பின்னாலிருந்து ஐஸ் பெட்டிக்காரர் ஒருவர், "நவுரு, நவுரு, நவுரு!" என்று கத்திக்கொண்டு வந்தார். மாணவிகள் அலறிச் சிரித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். நான் அவர்களோடு ஒதுங்கி, ஐஸ் தண்ணீர் செருப்பை நனைக்க, அடுத்த குவியலைப் பார்க்க அக்காவின் பின்னால் ஓடினேன்.